பாட்டை முடிவு செய்யாமல் கத்தரியை எடுத்தேன்

3 நிமிடம் 10 வினாடி ஓடும் ஒரு சின்ன நிழலுருவ அனிமேஷன் படம். கருப்புக் காகிதத்தில் வெட்டிய ஒரு நாட்டியக்காரி, ஒரு பறவை, நாலைந்து மரங்கள், கூடவே ஒரு புல்லாங்குழல் இசை. வசனம் கிடையாது. இதை முடிக்க எனக்கு 14 மாதம் ஆனது. அதில் ஏறக்குறைய 5 மாதம் முழுக்க வீண். எடுத்த படங்களை அழித்தேன், மறுபடி எடுத்தேன், மறுபடியும் அழித்தேன். கூப்பிட்டுக் கேட்க ஒருவரும் இல்லை. இந்த வேலையைச் செய்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. தொடங்குவதற்கு முன்னால் யாராவது அரை மணி நேரம் என்னை உட்காரவைத்துப் பேசியிருந்தால் அந்த 5 மாதமும் மிச்சமாகியிருக்கும். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்தது லோட்டே ரைனிகரின் படங்களைப் பார்த்த பிறகு. ஜெர்மனியில் பிறந்தவர், கத்தரியும் கருப்பு அட்டையும் வைத்துக்கொண்டு 1926-லேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் முழுநீளப் படத்தை வெளியிட்டவர். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை, அதன் மேல் மூட்டு மூட்டாகக் கோத்த உருவங்கள், மேலே கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா. ஒவ்வொரு படத்துக்கும் உருவத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். பார்க்க அவ்வளவு எளிமையாக இருந்தது. அந்தப் படத்துக்கு மூன்று வருடம் பிடித்தது என்பதும், கேமராவை அவருடைய கணவர் கார்ல் கோஹ் கவனித்துக்கொண்டார் என்பதும், வால்டர் ருட்மான், பெர்தோல்ட் பார்டோஷ் மாதிரி கைதேர்ந்த படக் கலைஞர்கள் கூட இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை யோசிக்கவில்லை. நான் தனியாள், மாலையில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம் ஓடும். எடுத்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். 190 வினாடிக்கு 2,280 படம். நல்ல நாளில் ஒரு மாலைக்கு 30 படம் எடுப்பேன். ஒரு தவறும் நடக்காவிட்டால்கூட 76 மாலைகள். இந்தப் பெருக்கலை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். உங்கள் முதல் படம் ஒரு நிமிடம் ஓடினாலே தாராளமாகப் போதும்.

நான் முதலில் செய்தது வெட்டுவது. வெட்டுவதில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது, வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. ரைனிகர் கத்தரி பிடித்த கையை அசைக்காமல் காகிதத்தைத்தான் திருப்புவாராம். அதைச் செய்து பார்த்த அன்றைக்கே என் வளைவுகள் சீரானது. நாட்டியக்காரியின் விரல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி முடித்தபோது நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் காகிதத்தைத் தேர்ந்தெடுத்ததில் கோட்டைவிட்டேன். கையில் பிடித்துப் பார்த்தால் கன்னங்கரேலென்று இருந்த காகிதம், கண்ணாடி மேசையில் வைத்து வெளிச்சத்தைப் போட்டதும் பழுப்பாகத் தெரிந்தது. அதைவிட மோசம், தோளிலும் முழங்கையிலும் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இடங்கள் மட்டும் கருவட்டமாகத் தனித்து நின்றன. உடம்பெல்லாம் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. காகிதம் வாங்கும்போது ஒரு துண்டை எரியும் விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். துளி வெளிச்சம் கசிந்தாலும் அது ஆகாது. 250 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள, உள்ளேயும் கருப்பாக இருக்கும் அட்டை எனக்குச் சரிப்பட்டது. மெல்லிய காகிதம்தான் இருக்கிறது என்றால் இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர்ப் பசை வேண்டாம், காய்ந்ததும் சுருண்டுகொள்ளும். குச்சிப் பசை தடவி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வைத்தால் தட்டையாக நிற்கும்.

மூட்டுகள் அடுத்த பாடம். என் நாட்டியக்காரிக்கு ஆசை ஆசையாக 22 துண்டுகள் வைத்தேன். விரல்களைக்கூடத் தனியாகப் பிரித்தேன். ஒவ்வொரு படத்துக்கும் 22 துண்டை நகர்த்தினால் என்ன ஆகும் என்பது மூன்றாவது நாள்தான் புரிந்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகர்ந்துவிடும். இப்போது அவளுக்கு 13 துண்டுகள்தான். விரல்களோடு உள்ளங்கை ஒரே துண்டு. வேறு முத்திரை வேண்டுமென்றால் வேறு உள்ளங்கையை மாட்டிக்கொள்கிறேன். கோப்பதற்கு முதலில் கால் விரியும் பித்தளைப் பின் போட்டேன், அது மேடு தட்டி உருவத்தைத் தூக்கிவிட்டது. பிறகு நூலுக்கு மாறினேன். ஊசியால் இரண்டு துண்டையும் துளைத்து, நூலை விட்டு, இரு பக்கமும் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். முன்கையைத் தள்ளும்போது முன்கை மட்டும் நகர வேண்டும். உடம்பும் கூடவே வந்தால் இறுக்கம் அதிகம், விட்டதும் தானே சரிந்தால் தளர்வு. துளை, மூட்டு வட்டத்தின் நட்டநடுவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கை மடக்கும்போது ஒரு முனை வெளியே துருத்தும். உருவம் மேசையில் நிலையாக நிற்க அந்தக் காலத்தில் மெல்லிய ஈயத் தகடு வைத்தார்கள். ஈயம் உடம்புக்குக் கெடுதல், அது வேண்டாம். நான் மார்பின் மேல் ஒரு சின்ன வாஷரை ஒட்டினேன். மேலிருந்து வெளிச்சம் விழாததால் அதுவும் கருப்பாகவே படத்தில் விழுகிறது. இன்னொன்று, எந்த உருவத்தையும் ஒரே மாதிரி இரண்டு பிரதி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பின் நடுவில் என் நாட்டியக்காரியின் கணுக்கால் கிழிந்தது. அளவுத்தாளும் என்னிடம் இல்லை. அதே காலை மறுபடி வெட்ட மூன்று மாலை போனது.

சரி, இனி பெரிய இழப்புகளுக்கு வருகிறேன். முதல் 50 வினாடியை எடுத்தேன். 600 படம், ஆறு வாரம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்போம் என்று ஆசையாகச் சேமித்து வைத்திருந்தேன். ஓட்டினால் படம் முழுக்கத் துடிக்கிறது. வெளிச்சம் கூடுகிறது, குறைகிறது, கூடுகிறது. நடுவில் நாட்டியக்காரி என்ன செய்கிறாள் என்றே பார்க்க முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேமராவைத் தானியங்கியில் விட்டதுதான் முதல் காரணம். கருப்பு உருவம் சட்டத்துக்குள் பெரிதாக வரும்போதெல்லாம் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் கைமுறைக்கு மாற்றினேன்: ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (நிறச் சரிக்கட்டு), ஃபோகஸ். துடிப்பு குறைந்தது, போகவில்லை. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தைச் சுருக்கும் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கின்றன, ஒவ்வொரு முறையும் இம்மியளவு வேறு அளவில் மூடுகின்றன. கண்ணால் ஒரு படத்தில் தெரியாத வேறுபாடு, ஓட்டும்போது துடிப்பாகத் தெரியும். துவாரத்தை முழுக்கத் திறந்தே வைத்தால் இதழ்களுக்கு வேலை இல்லை. அல்லது துவாரத்தைக் கையால் வளையம் திருப்பி வைக்கும் பழைய லென்ஸ் ஒன்றைப் போட்டால் போதும். மூன்றாவது காரணம் விளக்கு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான டிம்மர் போட்ட எல்.இ.டி. விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும். டிம்மரை எடுத்துவிட்டு ஷட்டரை அரை வினாடிக்கு வைத்தேன். நம் உருவங்கள் அசையாமல் கிடப்பவை, அரை வினாடி என்ன, ஒரு வினாடிகூட வைக்கலாம். அந்த நேரத்தில் விளக்கின் துடிப்பெல்லாம் சராசரியாகிவிடும்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம், இவ்வளவையும் ஒரு பரிசோதனையால் கண்டுபிடித்திருக்கலாம். மேசையில் உருவத்தை வையுங்கள். எதையும் தொடாமல் 50 படம் எடுங்கள். அதை ஓட்டுங்கள். ஒரே ஒரு படத்தைப் பார்ப்பது போல் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. ஜன்னலை மூடி, அறை விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு செய்யுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிப்பது எனக்கு 400-வது படத்தில்தான் தெரிந்தது.

இப்போது இசை. நான் இதயத்தில் வைத்திருந்த ஒரு புல்லாங்குழல் பதிவு. அதைக் கேட்டுத்தான் இந்த நாட்டியக்காரியே என் மனதில் வந்தாள். காலால் தட்டி, கைபேசியில் எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 100 தட்டு. 24 ஃபிரேமில் ஒரு தட்டுக்கு 14.4 ஃபிரேம். அரைகுறை ஃபிரேம் என்று ஒன்று கிடையாது, அதனால் 14 என்று வைத்துக்கொண்டேன். 14 ஃபிரேம் என்றால் 7 படம், எண்ணவும் சுலபம். ஒவ்வொரு ஏழாவது படத்திலும் பாதம் தரையைத் தொடும்படி 70 வினாடி எடுத்தேன், 840 படம். நடுவில் ஒருமுறைகூட இசையோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறதே, எதற்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு தட்டுக்கு 0.4 ஃபிரேம் விட்டுப்போகிறது. 60 தட்டில் அது 24 ஃபிரேம், அதாவது ஒரு முழு வினாடி. 36 வினாடிக்குள்ளேயே அவள் இசையை விட ஒரு வினாடி முந்திப் போய்விட்டாள். 70-வது வினாடியில் இரண்டு வினாடி முந்தி நின்றாள். போதாததற்கு, மனிதர் வாசித்த பதிவு அது. பாட்டின் நடுவில் கலைஞர் மூச்சு வாங்கி, தாளத்தை இழுத்து, பிறகு மெல்லச் சேர்கிறார். அந்த இழுப்புதான் எனக்குப் பிடித்ததே. என் கணக்கில் அதற்கு இடமே இல்லை. முதல் முறை இசையோடு ஓட்டியபோது அழுதுவிட்டேன். அவள் அழகாகத்தான் ஆடினாள், ஆனால் வேறு ஏதோ பாட்டுக்கு ஆடினாள். கணினியில் இழுத்தும் குறுக்கியும் பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு தேறியது. மிச்சத்தில் பாதங்கள் வழுக்கின, கைகள் திக்கின. அழித்தேன்.

தட்டை ஃபிரேமாகப் பெருக்கிக்கொண்டே போகாதீர்கள். ஆடாசிட்டி போன்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் இசையைத் திறந்து, அலைவடிவத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தட்டிலும் ஒரு குறி வையுங்கள். அந்தக் குறி தொடக்கத்திலிருந்து எத்தனையாவது வினாடியில் இருக்கிறதோ, அதை 24-ஆல் பெருக்கினால் ஃபிரேம் எண் கிடைக்கும். அதற்கு அருகில் இருக்கும் இரட்டைப்படை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டையும் தொடக்கத்திலிருந்தே அளப்பதால் பிழை ஒரு ஃபிரேமைத் தாண்டாது, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வளராது. கலைஞர் தாளத்தை இழுக்கும் இடமும் தானாகக் கணக்கில் வந்துவிடும். பிறகு ஒரு தாளில் வரிக்கு ஒரு படமாகக் கட்டம் போட்டு, எந்த வரியில் தட்டு விழுகிறது, எதில் பாதம் தொடுகிறது, எதில் கை எழத் தொடங்குகிறது என்று எழுதிவிட வேண்டும். அனிமேஷன்காரர்கள் இதை எக்ஸ்போஷர் ஷீட் என்கிறார்கள், சிலர் டோப் ஷீட் என்பார்கள். எனக்கு இது அலுவலகக் காகித வேலை மாதிரி தோன்றியதால் தள்ளிப்போட்டேன். இன்று இந்தத் தாள் இல்லாமல் விளக்கையே போடமாட்டேன். புதிதாக இசை அமைக்கச் சொல்லும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் வேகத்தையே ஃபிரேமுக்குப் பொருந்தும்படி கேளுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 ஃபிரேம், 90 என்றால் 16, 80 என்றால் 18, 72 என்றால் 20. எல்லாம் இரண்டால் வகுபடும் முழு எண்கள்.

தட்டும் அசைவும் கணக்கில் பொருந்தினாலும் கண்ணுக்குப் பொருந்தாமல் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பாதம் தரையைத் தொடும் படத்தைச் சரியாகத் தட்டு விழும் ஃபிரேமில் வைத்தால் கொஞ்சம் தாமதமாக விழுவது போலத் தெரிகிறது. ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைத்தால் கச்சிதமாக உட்காருகிறது. தொட்ட பிறகு அந்த நிலையில் நாலைந்து ஃபிரேம் அப்படியே நிறுத்த வேண்டும். நிழலுருவத்துக்கு முகபாவம் கிடையாது, கண் இமைக்காது. உடம்பின் கோடு ஒன்றுதான் அதன் பேச்சு. அந்தக் கோட்டைப் பார்ப்பவர் படித்து முடிக்க நேரம் வேண்டும். அப்புறம், எல்லாத் தட்டுக்கும் அசைக்கக் கூடாது. நான் முதலில் அப்படித்தான் செய்தேன், அவள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஆடினாள். இப்போது இசையில் ஒரு வரி முடியும் இடத்தில் மட்டும் அழுத்தம் வைக்கிறேன். நடுவில் வரும் தட்டுகளில் உடம்பு சும்மா கடந்து போகிறது, பறவையின் இறக்கை மட்டும் மெல்லத் தாளம் பிடிக்கிறது. படத்தில் எனக்கு இன்றும் பிடித்த இடம் அதுதான்.

பதினோராம் மாதம் படம் முடிந்தது. ஒரு விழாவுக்கு அனுப்ப விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தைய கேள்வி: இசைக்கான எழுத்துபூர்வ அனுமதியை இணைக்கவும். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். அந்த மெட்டை எழுதியவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, மெட்டு எல்லோருக்கும் சொந்தம். அப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். மெட்டுக்கு ஒரு உரிமை, அதை வாசித்துப் பதிவு செய்த ஒலிக்கு இன்னொரு உரிமை. மெட்டு நூறு வருடம் பழையது, பதிவு பழையதில்லை. பதிவின் உரிமையாளருக்கு எழுதினேன். மூன்று வாரம் பதில் இல்லை. நான்காவது கடிதத்துக்குப் பிறகு வந்த பதிலில் ஒரு தொகை இருந்தது. காகிதம், கண்ணாடி, விளக்கு, பழைய லென்ஸ் எல்லாவற்றுக்கும் நான் செலவழித்ததைக் கூட்டினாலும் அதைத் தொடவில்லை. அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர்கள் உழைப்பு. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பிறகு, படைப்பைச் சில நிபந்தனைகளோடு பிறர் இலவசமாகப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதே மெட்டுக்கு வேறொரு பதிவு கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். உரிமத்தில் ‘மாற்றியமைக்கக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தது. நான் இசையில் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றப் போவதில்லையே என்று நினைத்தேன். ஆனால் அசையும் படத்தோடு இசையை நேரத்துக்கு நேரம் இணைப்பதே மாற்றியமைப்பதுதான் என்று அந்த உரிமத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. ‘இலவசம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாமல் உரிமத்தை முழுக்கப் படியுங்கள். வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், பின்னால் படத்தை விற்க நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் அப்போதே யோசியுங்கள்.

இரண்டு மாதம் படத்தைத் திறக்கவே இல்லை. கடைசியில் புல்லாங்குழல் வாசிக்கும் தோழி ஒருத்தியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மெட்டு பொதுச்சொத்து, அவள் வாசித்தால் பதிவு அவளுடையது, அவள் எனக்கு எழுதிக் கொடுத்தால் போதும். பிரச்சினை, என் படம் ஏற்கெனவே வேறொருவர் மூச்சுக்கு வெட்டப்பட்டிருந்தது. எக்ஸ்போஷர் ஷீட் இங்கேதான் என்னைக் காப்பாற்றியது. அதில் இருந்த தட்டு எண்களை வினாடியாக மாற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ‘டிக்’ ஒலி வைத்து ஒரு தடம் செய்தேன். அவள் அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வாசித்தாள். நான்கு மாலை ஆனது. இரண்டாவது நாள் குழலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள், “யாரோ விட்ட மூச்சை நான் இழுக்கிற மாதிரி இருக்கு. இந்த நடு இடத்துல என்னால இவ்வளவு இழுக்க முடியாது, நீ படத்தை மாத்து.” மாற்றினேன். 22 வினாடி, 264 படம், மறுபடி எடுத்தேன். இந்த முறை அவள் வாசித்ததை அளந்து, தாளில் எழுதி, ஒவ்வொரு 5 வினாடிக்கும் ஒலியோடு ஓட்டிப் பார்த்து எடுத்தேன். ஒரு படம்கூட வீணாகவில்லை. நாங்கள் நெருங்கிய சிநேகிதிகள்தான், ஆனாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம்: எங்கெல்லாம் காட்டலாம், எவ்வளவு காலத்துக்கு, பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, பெயர் எப்படிப் போடுவது. அதைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவள் நிம்மதியானாள்.

அடுத்த படம் 1 நிமிடம் 20 வினாடி. நிமிடத்துக்கு 90 தட்டு, தட்டுக்கு 8 படம், மொத்தம் 960. அவள் போன வாரம் வாசித்து முடித்துவிட்டாள், ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. நேற்று இரவு தாளில் 700-வது வரி வரை நிரப்பினேன். ஒரு கொக்கு, ஒரு படகு, ஒரு கிழவர். கருப்பு அட்டை மேசையில் உறை பிரிக்காமல் இருக்கிறது.